வெண்மணியை வரையும்போது சறுக்கும் இடங்கள்

கீழ்வெண்மணிப் படுகொலையை காமிக்ஸாக வரைய உட்காருகிறவர்கள் முதலில் வரைவது தீயைத்தான். பக்கம் முழுக்க ஆரஞ்சும் கறுப்பும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு பக்கம் தாண்டியதும் மேற்கொண்டு வரைய ஒன்றுமே இல்லை.

தீக்கு முன்னால்தானே கதை இருக்கிறது? அரைப்படி நெல் கூடுதல் கூலி, செங்கொடிச் சங்கம், வெளியூர் ஆட்களை வைத்து அறுவடையை முடிக்கப் பார்த்த நிலக்கிழார்கள். இவற்றை விட்டுவிட்டால், 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் எரிந்துபோன 44 தலித் மக்களும் சாவதற்காகவே கதைக்குள் வந்தவர்கள் போலாகிவிடுவார்கள். கூலி அளக்கும் படியை நெருக்கத்தில் ஒரு கட்டம் வரையுங்கள். தலைதட்டி அளந்த படியா, குவித்து அளந்த படியா என்பதிலேயே பாதிக் கதை வந்துவிடும்.

அடுத்தது, ஆவணத்தை அப்படியே நம்பிவிடுவது. கீழ்க்கோர்ட்டு தண்டித்த நிலக்கிழார்களை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பெரிய நிலக்காரர்கள், ஒருவரிடம் காரே இருந்தது, அவர்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்று நம்பக் கடினம் என்றது தீர்ப்பு. இதைக் கட்டத்தின் மேல் விவரணை வரியாகப் போட்டால் கதைசொல்லியே சொல்வதுபோல் ஆகிவிடும். தட்டச்சுத் தாளாகவே வரையுங்கள், யார் சொன்னது என்று தெரியட்டும். பக்கத்திலேயே அந்தக் குடிசை. எட்டடிக்கு ஒன்பதடி என்கிறார்கள். ஒரு பானையும் ஒரு பாயும் வரைந்தாலே இடம் முடிந்துவிடும். 44 உருவங்களை உள்ளே அடைக்கத் தேவையே இல்லை.

ஊர்ப் பெரியவர் சொல்வதும் போலீஸ் பதிவும் முரண்பட்டால் ஒன்றைக் கழற்றிவிடாதீர்கள். இரண்டையும் அருகருகே வைக்க காமிக்ஸைவிடத் தோதான வடிவம் வேறு எது? உங்கள் ஊகத்தை மட்டும் பென்சில் கோட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சரி, கட்டம்தான் வேண்டுமா? 2011-இல் வந்த ‘பீமாயணா’ என்ற காமிக்ஸ் நூலில் அம்பேத்கரின் வாழ்க்கையை வரைந்த கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வ்யாமும் சுபாஷ் வ்யாமும் பாத்திரங்களைப் பெட்டிக்குள் அடைக்க மறுத்துவிட்டார்கள்.

அப்புறம், அச்சுக்குப் போகும் முன் பக்கங்களை வயல்வேலை தெரிந்தவர்களிடம் காட்டாமல் விடாதீர்கள். நான் வரைந்த பெண் கதிர் அரிவாளைக் காய்கறிக் கத்தி மாதிரி பிடித்திருந்தாள். பார்த்த பாட்டி சிரித்துவிட்டார். “இப்புடிப் புடிச்சா வெரலு போயிரும் தம்பி” என்று என் பேனாவையே அரிவாளாகப் பிடித்துக் காட்டினார்.