மீசோதீலியோமா: பிரிட்டனில் இழப்பீடு கோருவது எப்படி?

மீசோதீலியோமா என்பது நுரையீரலைச் சூழ்ந்த சவ்விலும், சில வேளைகளில் வயிற்றறையின் சவ்விலும் தோன்றும் புற்றுநோய். ஏறக்குறைய எல்லா நோயாளிகளுக்கும் இது ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார்த் தூசியால் வந்ததே. தூசி உள்ளே போன நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் 30, 40 ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. பிரிட்டனில் நீலக் கல்நாரும் பழுப்புக் கல்நாரும் 1985இலும் வெள்ளைக் கல்நார் 1999இலும் தடை செய்யப்பட்ட பின்னரும், ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் அங்கே இந்நோயால் இறப்பதற்கு இதுவே காரணம். கப்பல் கட்டும் தளத்திலும் கொதிகலன் அறையிலும் வேலை செய்தவர்களுக்கு மட்டுமே இது வரும் என்று நினைக்க வேண்டாம். பழைய பள்ளிக் கட்டடங்களில் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கும், மருத்துவமனைகளில் பணியாற்றிய தாதியருக்கும் வந்திருக்கிறது. 1960களிலும் 70களிலும் பிரிட்டனுக்கு வந்து வேலையில் சேர்ந்த நம்மவர்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் நடைமுறை. ஸ்காட்லாந்தில் வழக்கு நடக்கும் விதமும் உறவினர்களின் உரிமைகளும் வேறுபடும்.

படி 1: நோய் உறுதியான தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

'வேலையை விட்டே நாற்பது வருடம் ஆகிறது, இனி யாரிடம் போய்க் கேட்பது' என்று பலர் தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. 1980ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த நாளிலிருந்துதான் மூன்றாண்டுக் கெடு தொடங்குகிறது. தூசியைச் சுவாசித்த நாள் இந்தக் கணக்கில் வராது. ஆனால் கீழே சொல்லப்போகும் அரசுத் திட்டங்கள் சிலவற்றுக்குக் கெடு 12 மாதங்களே என்பதால், மூன்றாண்டு இருக்கிறது என்று நிதானமாக இருந்துவிடக் கூடாது. நோயை உறுதிசெய்த மருத்துவரின் கடிதத்திற்கும் திசுப் பரிசோதனை அறிக்கைக்கும் நகல் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

படி 2: வேலை வரலாற்றை எழுதுங்கள்

இந்த வழக்குகள் வெல்வதும் தோற்பதும் இந்தப் படியில்தான் என்பது என் கருத்து. நோய் இருப்பதை மருத்துவ அறிக்கை காட்டிவிடும். எந்த இடத்தில், யாருடைய வேலையில், எப்படித் தூசி பட்டது என்பதைச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் நோயாளி ஒருவரே. அவர் களைத்துப்போவதற்கு முன்பே உட்கார்ந்து எழுதத் தொடங்க வேண்டும்.

முதலில் வரிகளை வசூலிக்கும் எச்எம்ஆர்சி அலுவலகத்திடம் வேலை வரலாற்றுப் பட்டியலைக் கேளுங்கள். நேஷனல் இன்சூரன்ஸ் பங்களிப்புகளின் அடிப்படையில், 1961 முதல் யார் யாரிடம் வேலை செய்தீர்கள் என்பது அதில் இருக்கும். நம் பெயர்களில் தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னுமாகப் பதிவாகியிருக்கும் என்பதால், நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணோடு பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதி அனுப்புவது நல்லது.

பட்டியல் வந்ததும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் ஒதுக்கி, அங்கே கண்ணால் கண்டதை எழுதுங்கள். குழாய்களைச் சுற்றியிருந்த பூச்சை யார் உடைத்தார்கள், பலகையை எந்த ரம்பத்தால் அறுத்தார்கள், கூட்டிப் பெருக்கியது யார், முகமூடி கொடுத்தார்களா, ஆபத்து என்று எப்போதாவது எச்சரித்தார்களா என்பவையே நீதிமன்றம் கேட்கும் செய்திகள். 'தூசி அதிகம்' என்று எழுதுவதைவிட 'மாலையில் தலைமுடியெல்லாம் வெள்ளையாக இருக்கும்' என்று எழுதுவது பயன்படும். உடன் வேலை செய்தவர்களின் பெயர்கள், பழைய சம்பளச் சீட்டு, தொழிற்சங்க அட்டை, வேலையிடத்தில் எடுத்த புகைப்படம் எதையும் விட்டுவிடாதீர்கள்.

இலங்கையிலோ வளைகுடாவிலோ முன்பு கல்நார்த் தகடு அறுத்த அனுபவம் இருந்தால், அதைச் சொன்னால் வழக்கு கெட்டுவிடும் என்று பயந்து சிலர் மறைக்க நினைக்கலாம். மறைப்பதுதான் கேடு. பிரிட்டனில் ஒரு முதலாளி கவனக்குறைவாகத் தூசிக்கு ஆளாக்கியிருந்தால், வேறிடத்திலும் தூசி பட்டது என்பதால் மட்டும் அவருடைய பொறுப்பு நீங்கிவிடுவதில்லை; ஏன் என்பதைப் படி 5 விளக்கும்.

ஆங்கிலம் சரளமாக வராதவர் தமிழிலேயே வாக்குமூலம் தரலாம். சாட்சியின் வாக்குமூலம் அவருடைய சொந்த மொழியில் எழுதப்பட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு தாக்கல் செய்யப்பட வேண்டும் என்பதே நீதிமன்ற விதி. மகனோ மகளோ ஆங்கிலத்தில் எழுதியதில் அப்பா கையெழுத்து மட்டும் போடும் வழக்கத்தை இங்கே கைவிடுங்கள்.

படி 3: வழக்கறிஞரைத் தேர்ந்தெடுங்கள்

வீடு வாங்கித் தந்த வழக்கறிஞர் இதற்குப் போதாது. கல்நார் வழக்குகளையே தொழிலாக நடத்துபவர் வேண்டும். தொழிற்சங்கத்தில் இருந்திருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். மீசோதீலியோமா யுகே என்ற தொண்டு நிறுவனத்தின் சிறப்புத் தாதியரும் வழிகாட்டுவார்கள். 'வென்றால் மட்டுமே கட்டணம்' என்ற ஒப்பந்தம் வழக்கமானது. மற்றக் காய வழக்குகளில் வழக்கறிஞரின் வெற்றிக் கட்டணம் இழப்பீட்டிலிருந்து பிடிக்கப்படும்; மீசோதீலியோமா வழக்குகளுக்கு மட்டும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களித்திருப்பதால், அதை எதிர்த்தரப்பிடமிருந்து பெற வழியுண்டு. ஆகவே 'என் தொகையிலிருந்து எதுவும் கழிக்கப்படாது' என்று எழுத்தில் கேளுங்கள். தயங்குபவரை விட்டு அடுத்தவரிடம் போகலாம்.

படி 4: அரசு உதவித்தொகைக்கு உடனே விண்ணப்பியுங்கள்

வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊழியராக இருந்து நோய் பெற்றவருக்குத் தொழிற்காய ஊனத்தொகை உண்டு. மீசோதீலியோமாவை 100 சதவீத ஊனமாகவே கொள்வதால் 2025-26இல் வாரத்துக்கு 225.30 பவுண்டு கிடைக்கும். வருமானமோ சேமிப்போ பார்க்கப்படாது. பிரிட்டனுக்கு வெளியே மட்டும் தூசி பட்டவருக்கும் சுயதொழில் செய்தவருக்கும் இது பொருந்தாது.

ஊனத்தொகை கிடைத்து, முதலாளியின் நிறுவனமும் மூடப்பட்டிருந்தால், 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு மொத்தத் தொகை கோரலாம். ஊனத்தொகை முடிவு வந்த 12 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சுயதொழில் செய்தவருக்கும், கணவரின் வேலைத் துணிகளைத் துவைத்ததால் நோய் வந்த மனைவிக்கும் 2008ஆம் ஆண்டுத் திட்டம் இருக்கிறது. அதற்கு நோய் உறுதியான 12 மாதங்கள் கெடு. இந்த மொத்தத் தொகைகள் பின்னால் வரும் இழப்பீட்டில் கழித்துக்கொள்ளப்படும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 5: முதலாளி மீது வழக்கு

பல இடங்களில் தூசி பட்டவருக்கு, எந்த இடத்துத் தூசி நோயைத் தந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. முதலாளிகள் இதையே கேடயமாகப் பிடித்தார்கள். 2002இல் ஃபேர்சைல்டு வழக்கில், அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, நோயின் ஆபத்தை ஒரு முதலாளி கணிசமாகக் கூட்டியிருந்தாலே அவர் பொறுப்பாவார் என்று தீர்ப்பளித்தது. 2006 மே மாதம் பார்க்கர் வழக்கில் அதே சபை, ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்கு மட்டுமே பொறுப்பு என்று சுருக்கிவிட்டது. மூன்று மாதத்துக்குள் பாராளுமன்றம் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவை நிறைவேற்றி அதைத் திருத்தியது. இப்போது பொறுப்புள்ள ஒரே ஒரு முதலாளி கிடைத்தாலும் அவரிடமே முழுத் தொகையையும் பெறலாம்.

துணி துவைத்த மனைவியர் தொடுக்கும் வழக்கு இதைவிடக் கடினமானது. 2005இல் மக்வயர் வழக்கில், 1965க்கு முன் வீட்டாருக்கு வரும் ஆபத்தை முதலாளி முன்னறிந்திருக்க முடியாது என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் கோரிக்கையை மறுத்தது.

லண்டன் உயர் நீதிமன்றத்தில் மீசோதீலியோமா வழக்குகளுக்குத் தனி விரைவுப் பட்டியல் இருக்கிறது. தூசி பட்டதற்கு நோயாளி நம்பத்தக்க சான்று தந்துவிட்டால், தன்னிடம் உண்மையான எதிர்வாதம் இருப்பதாக முதலாளிதான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பொறுப்பு தீர்மானிக்கப்பட்டு, வழக்கமாக 50,000 பவுண்டு இடைக்காலத் தொகையாக வழங்கப்படும்.

வலி, இழந்த வருமானம், சிகிச்சைச் செலவு ஆகியவற்றோடு குடும்பத்தார் செய்யும் பராமரிப்புக்கும் பணம் கணக்கிடப்படுகிறது. 'அப்பாவைக் குளிப்பாட்டியதற்கு மணிக்கணக்கு எழுதுவதா' என்று நம் வீடுகளில் கூச்சப்படுவார்கள். எழுதுங்கள். யார், எத்தனை மணி நேரம், என்ன செய்தார் என்று ஒரு நாட்குறிப்பு போதும்.

படி 6: நிறுவனமே இல்லாவிட்டால்

நிறுவனம் மூடப்பட்டாலும் அது எடுத்திருந்த காப்பீடு செல்லும். முதலாளிகளுக்கான கட்டாயக் காப்பீடு 1972 முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்டோ என்ற காப்பீடு தேடும் அலுவலகத்தில் இலவசமாகத் தேடலாம். காப்பீட்டாளரும் கிடைக்காவிட்டால், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காப்பீட்டு நிறுவனங்களிடம் தீர்வை வசூலித்து நடத்தப்படும் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். 2012 ஜூலை 25 அன்றோ அதன் பின்னரோ நோய் உறுதியானவர்கள், உறுதியான மூன்றாண்டுக்குள் கேட்க வேண்டும்.

படி 7: நோயாளி இறந்துவிட்டால்

தொழில் நோயால் நேர்ந்த இறப்பு என்பதால் கொரோனர் எனும் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்கப்படும். உடல் உடனே கிடைக்காமல் ஈமக்கிரியை தள்ளிப்போகலாம் என்று குடும்பத்தார் முன்பே அறிந்திருப்பது நல்லது. உயிருடன் இருக்கும்போதே திசுப் பரிசோதனையால் நோய் உறுதியாகியிருந்தால், உடலைக் கூறாய்வு செய்யத் தேவையில்லை என்று கொரோனர் முடிவுசெய்யக்கூடும். எனவே முதற்படியில் வாங்கிய அந்த அறிக்கையின் நகலை அன்றைக்கே அவருடைய அலுவலகத்தில் கொடுங்கள். நோயாளியின் கெடு முடியும் முன்பே அவர் இறந்திருந்தால், வழக்கைத் தொடங்கவோ தொடரவோ குடும்பத்துக்கு இறந்த நாளிலிருந்து புதிதாக மூன்றாண்டு கிடைக்கும். துயர இழப்பீடாக வாழ்க்கைத் துணைக்குச் சட்டம் வரையறுத்துள்ள தொகை 15,120 பவுண்டு. இறந்தவரைச் சார்ந்திருந்தவர்கள் இழந்த ஆதரவுக்கான தொகை தனியாகக் கணக்கிடப்படும்.