எலியில் பலித்த பாரிசவாத மருந்து மனிதரில் ஏன் பலிப்பதில்லை? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் சித்த மருத்துவம் படிக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும், எலிகளில் பாரிசவாத மருந்து சோதிக்க நினைக்கும் மற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 2006இல் ஒரு குழு எண்ணிப் பார்த்தபோது, பாரிசவாதத்துக்கென்று சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் 1,026 இருந்தன. எலியில் நன்றாக வேலை செய்தவை ஏராளம், ஆனால் மூளைக் கலங்களைக் காக்கும் மருந்து என்று உலகெங்கும் ஏற்கப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது ஒன்றுகூட இல்லை.

முதல் தவறு நேரம். பாரிசவாதத்தை உண்டாக்க எலியின் மூளை இரத்தநாளத்தை அடைத்த கையோடு மருந்தை ஏற்றுகிறார்கள், சிலர் அடைப்பதற்கு முன்னமே கொடுத்துவிடுகிறார்கள். மூதூரில் விடியப்புறம் ஒரு பக்கம் விழுந்துபோன ஐயாவை வீட்டுக்காரர் கண்டு, வாகனம் பிடித்து, கொட்டியாரக் குடாவைச் சுற்றிக் கொண்டுவந்து, ஸ்கேனும் எடுத்து முடிய எத்தனை மணித்தியாலம் போயிருக்கும்? உங்கள் மருந்து அந்த நேரத்தில் கொடுத்தும் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது உடல் வெப்பநிலை, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எம்கே-801 என்ற மருந்து ஜெர்பில் என்ற எலி போன்ற சிறு பிராணிகளின் மூளையைக் காப்பாற்றுவதாக நம்பினார்கள். அது உடம்பைக் குளிரவைக்கிறது, காப்பாற்றியது அந்தக் குளிர்தான், வெப்பத்தைக் குறையாமல் பிடித்துவைத்தால் அந்தப் பலன் போய்விடுகிறது என்று 1990இல் தெரியவந்தது. அதனால் சத்திரசிகிச்சையின்போது மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாமல், கூட்டுக்குள் விட்ட பிறகும் பல மணித்தியாலம் அளக்க வேண்டும்.

எந்த எலிக்கு மருந்து, எதற்கு வெறும் உப்புநீர் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானியுங்கள், புள்ளி போடுபவருக்கு அது தெரியவே கூடாது. என்எக்ஸ்வை-059 என்ற மருந்து 2006இல் மனிதரில் சிறு பலன் காட்டி, 2007இல் வெளிவந்த பெரிய சோதனையில் தோற்றது. பிறகு பழைய விலங்குச் சோதனைகளைக் கிளறிப் பார்த்தால், குலுக்கலும் மறைப்பும் இல்லாதவற்றில்தான் பலன் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

அப்புறம், 24 மணித்தியாலத்தில் மூளையை வெட்டி டிடிசி சாயம் போட்டு, சிவந்தது உயிருள்ள பகுதி, வெளுத்தது செத்த பகுதி என்று அளந்துவிட்டு எழும்பிவிடாதீர்கள். நோயாளிக்கு வேண்டியது நடையும் கைப்பிடியும், ஆகவே சில கிழமை கழித்து அந்த எலி முன்னங்காலை எப்படிப் பாவிக்கிறது என்று பாருங்கள்.

இளம் ஆண் எலியோடு நிற்காமல் வயதானது, பெண், பிரஷரோ சீனியோ உள்ளது என்று எல்லாவற்றிலும் சோதியுங்கள். இடையில் செத்த எலிகளைக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடாமல், எந்தக் குழுவில் எத்தனை, ஏன் என்று எழுதுங்கள். பலன் வராவிட்டாலும் பிரசுரியுங்கள், இல்லாவிட்டால் அதே மருந்துக்காக இன்னொரு ஆய்வுகூடத்தில் இன்னும் எலிகள் சாகும்.