லாலான் பஞ்சைத் திட்டாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன் நான். 22 ஆண்டுகளாக லயத்து வீடுகளுக்கும் கோயில் திடலுக்கும் புல் வெட்டிப் பிழைக்கிறேன். அதில் பாதிக் காலம் தும்மிக்கொண்டேதான் வெட்டினேன்.

லாலான் என்கிற உயரப் புல் பஞ்சுக் கதிரோடு வெள்ளை வெளேரென்று நிற்கும்போதுதான் எனக்கு அழைப்பு வரும். "இந்தப் பஞ்சால்தான் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது, வெட்டிப் போடுங்கள் அண்ணே" என்பார்கள். அந்தப் பஞ்சு விதையைச் சுமப்பது. தும்ம வைப்பது மகரந்தம்; அது கொட்டித் தீர்ந்த பிறகுதான் பஞ்சு விரிகிறது. அப்போது இயந்திரத்தை விட்டால், ஊர் முழுக்க லாலான் விதைத்த புண்ணியம்தான் மிச்சம். நானும் பல ஆண்டுகள் அந்தப் புண்ணியத்தைச் சேர்த்தவன்தான்.

பார்க்க வேண்டியது அதற்கு முந்திய நிலை. கதிர் இன்னும் உப்பாமல், பூனை வால் போல் ஒல்லியாக இருக்கும். கிட்டப் போனால் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டிப் பைகள் தொங்குவது தெரியும். சந்தேகமா? முகமூடி அணிந்துகொண்டு, காலையில் ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பிடித்து, கதிரை அதன்மேல் தட்டுங்கள். சந்தனப் பொடியைவிட மெல்லியதாக மஞ்சள் மாவு படிந்தால், அதுதான் ஆள். வீட்டில் ஒவ்வாமை உள்ளவர் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

லாலானைக் கொளுத்துவது வீண் வேலை. கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். தீப்பட்ட லாலான் இன்னும் மும்முரமாகப் பூக்கும்.

அடுத்தது அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல்தான். கம்பின் உச்சியில் விரல்களை விரித்தாற்போல நான்கைந்து மெல்லிய கதிர்கள் நிற்கும். மாலை கட்டுகிறவர்கள் கதிர் வராத தளிர் நுனியாகப் பார்த்துக் கிள்ளட்டும். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆற்றோரத்து யானைப்புல்லின் கதிரோ புட்டி கழுவும் தூரிகை மாதிரி இருக்கும். மாட்டுக்கு அறுப்பவர்கள் கதிர் தள்ளுமுன் அறுத்தால், தழையும் இளசாகக் கிடைக்கும்.

செம்பருத்தியைச் சந்தேகப்பட்டு வெட்டச் சொன்னவர்களும் உண்டு. அதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது; பூச்சியும் பறவையும் தூக்கிப் போனால்தான் உண்டு. காற்றை நம்பிப் பூப்பவை பெரும்பாலும் நிறமில்லாத, யாரும் திரும்பிப் பார்க்காத பூக்கள்.

பார்த்தீனியம் என்ற களைச்செடி வேறு ரகம். மலேசியாவில் அது இருப்பது 2013இல்தான் வெளியே தெரிந்தது. இலை கேரட் இலை போலவும், பூ வெள்ளைப் பொட்டுகளாகவும் இருக்கும். மகரந்தம் மூக்கைக் கெடுக்கும், செடி தோலை அரிக்க வைக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், விவசாய இலாகாவிடம் சொல்லுங்கள்.

நம் ஊரில் புல்லுக்குப் பூக்கும் பருவம் என்று தனியாக ஒன்றும் இல்லை, ஆண்டு முழுக்கப் பூக்கும். எனவே கதிர் தலைகாட்டுமுன், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெட்டுங்கள். வெட்டும்போது ஒவ்வாமைக்காரர் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கட்டும். வெட்டியவர் குளித்து, உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். மூச்சு இழுத்தால் கைவைத்தியம் பார்க்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

காலையில் படுக்கையைவிட்டு எழுமுன்னே தும்மல் வருகிறதா? அப்படியானால் என்னைக் கூப்பிட வேண்டாம். பெரும்பாலும் மெத்தையில் இருக்கும் தூசிப்பூச்சியின் வேலை அது. தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.