கார்டன் ரூம் கட்டுகிறீர்களா? பெப்ரவரியை நினைத்துக் கட்டுங்கள்

லண்டனில் ஈஸ்ட்ஹாம், ஹரோ பக்கம் நம் தமிழர்கள் வீட்டுப் பின்வளவுகளில் கார்டன் ரூம், அதாவது தோட்டத்தில் தனியாக நிற்கும் சிறு அறை, எழும்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. கோவிட் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களால் பெருகிய பழக்கம் இது. இப்போது ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்டால், அம்மம்மா வெயில் காய, அப்பா யோகா செய்ய, பிள்ளைகள் டிவி இல்லாத இடத்தில் படிக்க என்று உடல்நலத்தைத்தான் சொல்கிறார்கள். நல்ல காரணம்தான். ஆனால் அந்த அறைக்குள் ஆள் போய் இருந்தால்தானே நலம்? ஜூனில் எல்லோருக்கும் படம் அனுப்பிய அறை, நவம்பரில் பழைய சூட்கேஸும் அரிசி மூட்டையும் அடுக்கும் இடமாகிவிடுகிறது. கோடையில் விளம்பரத்தைப் பார்த்துக் கோடைக்காகவே கட்டுவதுதான் மூலப் பிழை. மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

முதலில் சுவர். மலிவாக விற்கும் மர அறைகள் பலவற்றில் சுவர் என்பது மூன்று நான்கு சென்றிமீற்றர் தடிப்புள்ள பலகை மட்டும்தான். உள்ளே வெப்பக்காப்பு கிடையாது. ஹீற்றரைப் போட்டால் காற்று சூடாகும், சுவர் குளிராகவே இருக்கும். நாம் விடும் மூச்சின் ஈரமும், காயப்போட்ட உடுப்பின் ஈரமும் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராகப் படியும். சோபாவுக்குப் பின்னால், அலுமாரி மூலையில் கருப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். அதை வெறும் அழுக்கு என்று துடைத்துவிட்டுப் போகக் கூடாது. 2020இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வீட்டுப் பூஞ்சணத்தால் சுவாச நோய் வந்து இறந்தது. சமூக வீடுகளில், அதாவது கவுன்சில் போன்ற அமைப்புகள் வாடகைக்கு விடும் வீடுகளில், ஈரத்தைச் சரிசெய்யக் காலக்கெடு வைக்கும் சட்டமே அதனால்தான் வந்தது. நம் பின்வளவு அறைக்கு அந்தச் சட்டம் வராது, ஆனால் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்த மூலை எந்த வீட்டில் இருந்தாலும் ஒன்றுதான்.

ஆகவே காசைக் கண்ணாடிக் கதவில் கொட்டுவதற்கு முன் தரை, சுவர், கூரை மூன்றிலும் வெப்பக்காப்புப் பலகை இருக்கிறதா, அதன் உட்பக்கம், அதாவது சூடான பக்கம், ஈரம் ஊடுருவாத தாள் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். யன்னலின் மேல் காற்று போகும் சிறு இடைவெளி வேண்டும். குளிர் வருகிறதே என்று அதை டேப் போட்டு அடைப்பவர்களை என்ன சொல்வது! ஈரப்பதம் காட்டும் சின்ன மீற்றர் ஒன்று வாங்கி வையுங்கள். நாள் முழுக்க அறுபது சதவீதத்துக்கு மேல் நின்றால் எங்கோ பிழை இருக்கிறது. ஈரமுறிஞ்சும் இயந்திரம் வாங்குவதானால், சூடில்லாத அறைக்குச் சாதாரண கம்பிரசர் வகை அவ்வளவாக உதவாது. குளிரிலும் வேலை செய்யும் டெசிக்கன்ட் வகையை, அதாவது ஈரமுறிஞ்சும் பொருள் உள்ளே இருக்கும் வகையை, பாருங்கள்.

சூட்டுக்காகப் பரபின் (மண்ணெண்ணெய்) அடுப்போ காஸ் சிலிண்டர் ஹீற்றரோ வைப்பது இரட்டைப் பிழை. எரியும்போது அவையும் நீராவியை விடுகின்றன, காற்றோட்டம் குறைந்தால் கார்பன் மொனொக்சைட் வேறு. பார்பிகியூக் கரியை மழைக்காக உள்ளே தள்ளி வைப்பதும் இதே ஆபத்துத்தான். வீட்டிலிருந்து யன்னல் வழியாக இழுத்துவரும் எக்ஸ்டென்ஷன் வயரில் ஹீற்றரைச் செருகாதீர்கள். மண்ணுக்குள் கவசக் கேபிள் போட்டுத் தகுதியுள்ள மின்சாரக்காரர் இணைத்துச் சான்றிதழ் தர வேண்டும்.

அடுத்தது நம் ஆட்களுக்கே உரியது: வெளிக் குசினி. மீன் பொரித்தால் வீடு முழுக்க மணக்கும், ஆகவே கார்டன் ரூமில் ஒரு மூலையில் அடுப்பு. பக்கத்தில் ஒரு டொய்லெட். ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு கட்டில். அறையின் கதை இங்கேதான் மாறுகிறது. இங்கிலாந்தில் பொதுவாக எல்லையிலிருந்து இரண்டு மீற்றருக்குள் கட்டினால் உயரம் 2.5 மீற்றரைத் தாண்டாமல், வளவில் பாதியை மூடாமல் இருந்தால் திட்ட அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சலுகை வீட்டுக்குத் துணையான பாவனைக்கு, தனிக் குடியிருப்புக்கு அல்ல. தொடர்மாடி வீடுகளுக்கு அதுவும் இல்லை. யாராவது படுத்து உறங்கும் அறையென்றால், எவ்வளவு சிறிதாக இருந்தாலும் கட்டட விதிமுறைகள் பொருந்தும். அவற்றில் தீயிலிருந்து தப்பும் வழியும் அடங்கும். உறங்குபவர் அம்மம்மாவாக இருக்கும்போது இதைக் கவுன்சில் தொல்லை என்று ஒதுக்க முடியாது. சாம்பிராணி, ஊதுபத்தி, குத்துவிளக்கு எல்லாம் யன்னல் திறந்திருக்கும்போது மட்டும், கண்காணிப்போடு.

அம்மம்மாவைப் பற்றிச் சொல்லும்போது, அறையை விடப் பாதை முக்கியம் என்பது என் கருத்து. டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஈரப் புல், பாசி பிடித்த மரத்தளம், காலில் செருப்பு, வாசலில் ஓர் உயரப்படி. ஒருமுறை வழுக்கினால் அதன்பிறகு அவர் அந்தப் பக்கமே போகமாட்டார். சொரசொரப்பான கல், தானாக எரியும் விளக்கு, படியே இல்லாத வாசல், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. இவை கண்ணாடிக் கதவை விட மிக மலிவு. டொய்லெட் வீட்டுக்குள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். பலர் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் அந்தப் பயத்தில்தான் வீட்டை விட்டு நகர்வதில்லை.

கண்ணாடிக்குள் இருந்து வெயில் காய்ந்தால் விற்றமின் டி கிடைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. கிடைக்காது. அதற்கு வேண்டிய புறஊதாக் கதிரை யன்னல் கண்ணாடி தடுத்துவிடுகிறது. காலை வெளிச்சம் மனதுக்கும் தூக்கத்துக்கும் நல்லது, அது வேறு. நம்மைப் போன்ற கருமையான தோலுள்ளவர்கள் ஆண்டு முழுவதும் தினமும் 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பதைப் பற்றி யோசிக்கும்படி இங்குள்ள அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ் சொல்கிறது. அறை கட்டிவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

செடிகள் காற்றைச் சுத்தமாக்கும் என்பதும் அப்படித்தான். 1989இல் நாசா செய்த ஆய்வு மூடிய சிறு பெட்டிகளில் நடந்தது. 2019இல் பழைய ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, யன்னலைத் திறப்பதற்கு ஈடாக ஒரு சதுர மீற்றருக்குக் குறைந்தது பத்துச் செடி வேண்டும் என்று வந்தது, அதிகபட்சம் ஆயிரம். கண்ணுக்குக் குளிர்ச்சியாக நாலு தொட்டி போதும். குளிர்காலத்தில் கறிவேப்பிலைச் செடியை உள்ளே எடுக்கத்தான் வேண்டும். இலை கொட்டுகிறதே என்று பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள், வேர் அழுகும், அறையின் ஈரமும் ஏறும். தோட்ட மண் மூட்டையை அங்கே வைக்க வேண்டாம். நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லா வகைக் கிருமி ஒன்று அதில் இருப்பதுண்டு. மூட்டையை வெளியில் வைத்து, முகத்தை விலக்கித் திறந்து, பிறகு கை கழுவுங்கள். தவழும் பிள்ளை இருந்தால் அரளியும், அழகுக்கு வளர்க்கும் டீஃபன்பாக்கியாச் செடியும் வேண்டாம், இரண்டும் நஞ்சு.

கோடையை முழுதாக மறந்துவிடவும் கூடாது. 2022 ஜூலை 19ஆம் தேதி லிங்கன்ஷயரில் வெப்பம் 40.3 பாகையைத் தொட்டது. மேற்கு நோக்கிய முழுக் கண்ணாடி அறை அந்த மாதிரி நாளில் அடுப்புத்தான். உள்ளே திரை போடுவதை விட வெளியே நிழல் கொடுப்பது நல்லது: கூரையை ஒரு முழம் நீட்டலாம், குளிரில் இலை உதிர்க்கும் கொடி ஒன்றைப் படரவிடலாம். கொடி கோடையில் மறைக்கும், பனிக்காலத்தில் வெளிச்சத்தை விட்டுவிடும்.

அப்புறம், யாருக்கு என்று தீர்மானிக்காமல் கட்டுவது. கொம்பியூட்டர் உள்ளே போனால் அறை மகனுடையது, அல்லது அப்பாவின் அலுவலகம். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்காமல், காலை பத்திலிருந்து மதியம் வரை பெரியவர்களுக்கு என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் போடுமுன் கட்டுபவரிடம், அவர் முன்பு கட்டிய அறை ஒன்றை ஜனவரியிலோ பெப்ரவரியிலோ காட்டச் சொல்லுங்கள். உள்ளே போனதும் மூச்சை இழுத்துப் பாருங்கள், மூலைகளைத் தடவிப் பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் போன கிழமை எத்தனை நாள் இங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள்.