யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லியா, சின்சியர்லியா?

தாலுகா ஆபீஸுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வருகிறவர்கள் கையால் எழுதிக் கொண்டுவரும் தாளில் நான் முதலில் பார்ப்பது, கையெழுத்துக்கு மேலே யுவர்ஸ் என்று தொடங்கும் கடைசி வரியைத்தான். நிறையப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

யுவர்ஸ் என்று எழுதும்போது ஆருக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் மேலே ஒரு குறி போடுகிறார்களே, அது வேண்டவே வேண்டாம். "ராமுஸ் புக் என்றால் போடுகிறோமே அண்ணே?" என்று ஒரு பையன் மடக்கினான். அது ஆள் பெயருக்கு, தம்பி. யுவர்ஸ், அவர்ஸ், ஹெர்ஸ், தெயர்ஸ் எதற்குமே அந்தக் குறி கிடையாது. யுவர்ஸில் முதல் எழுத்து ஒய் மட்டும் பெரியது, அடுத்த சொல் சின்ன எழுத்தில் தொடங்கும், கடைசியில் காற்புள்ளி. ஃபெய்த்ஃபுல்லியில் இரண்டு எல். சின்சியர்லியில் ஆருக்குப் பின்னால் ஒரு இ உண்டு, அதை முழுங்கிவிடாதீர்கள்.

எதை எப்போது போடுவது? மேலே டியர் சார், டியர் மேடம் என்று பெயரில்லாமல் தொடங்கினால் ஃபெய்த்ஃபுல்லி. பெயர் சொல்லித் தொடங்கினால் சின்சியர்லி. சார் வந்தால் சின்சியர்லி வராது, இரண்டு எஸ்ஸும் சேராது என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். இது பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்கக் கம்பெனிக்கு எழுதினால் வெறும் சின்சியர்லி போதும்.

பெயரில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. விளம்பரத்தில் எஸ். முருகன், மேனேஜர் என்று இருக்கும். மிஸ்டருக்குப் பின்னால் குடும்பப் பெயர்தான் வரவேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, இனிஷியலை விசாரித்து டியர் மிஸ்டர் சுப்பையா என்று எழுதினால், கடிதம் அவருடைய அப்பாவுக்குப் போட்டதாகிவிடும்! டியர் மிஸ்டர் முருகன் என்றே எழுதுங்கள். பெண் என்றால், கல்யாணம் ஆனவரா என்று ஆராயாமல் எம், எஸ் என்ற இரண்டெழுத்தைப் போட்டுப் பெயரை எழுதலாம்.

யுவர்ஸுக்கு மேல் வரியில் தேங்கிங் யூ என்று தனியாகத் தொங்குமே, அது ஒரு பழைய வாக்கியத்தின் மிச்சம். அந்தக் காலத்தில் தேங்கிங் யூ, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி என்று ஒரே மூச்சில் முடிப்பார்கள். நடுவில் இருந்தது போய்விட்டது, தலை மட்டும் நிற்கிறது. தேங்க் யூ என்று எழுதி முற்றுப்புள்ளி வையுங்கள். யுவர்ஸ் ஒபீடியன்ட்லி ஸ்கூல் லீவ் லெட்டரோடு போகட்டும்.

ஈமெயிலுக்கு இதெல்லாம் கொஞ்சம் விறைப்பு, கைண்ட் ரிகார்ட்ஸ் போதும். விண்ணப்பத்தைத் தனியாக இணைத்தால் அதற்குள் பழைய முறையே இருக்கட்டும். பிரிண்ட் எடுப்பதாக இருந்தால் யுவர்ஸ் வரிக்கும் உங்கள் பெயருக்கும் நடுவே நாலு வரி இடம் விடுங்கள். இல்லாவிட்டால் கையெழுத்து பெயர் மேலேயே ஏறி உட்காரும்.