மாதம் முழுக்க நிகழ்ச்சி, நாம் போவதோ ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை

விமானப் பிரியர்களுக்கு அக்டோபர் தனி மாதம். இந்திய விமானப்படை தொடங்கியது 1932 அக்டோபர் 8. சரியாக ஒரு வாரம் கழித்து, 15ஆம் தேதி, ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்து வந்தார். இந்தத் தேதிகளை ஒட்டி ஏதாவது ஒரு விமான அருங்காட்சியகம் பேச்சு, படம், மாதிரி விமானப் பட்டறை, சிமுலேட்டர் என்று மாதம் முழுக்க நிகழ்ச்சி அறிவித்தால், சென்னையிலிருந்து நாம் என்ன செய்கிறோம்? பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்து, பெங்களூருக்கோ விசாகப்பட்டினத்துக்கோ டிக்கெட் போட்டு, பகல் பதினொன்றரைக்கு வாசலில் போய் நிற்கிறோம். நம்மைப் போலவே ஊரில் பாதிப் பேர் அங்கே நிற்கிறார்கள்.

முதல் தவறு அதுதான். நிகழ்ச்சி நிரலைப் பார்த்து நாளை முடிவு செய்யாமல், காலண்டரில் சிவப்பு எழுத்தைப் பார்த்து முடிவு செய்வது. நிறுத்தி வைத்த விமானம் எங்கேயும் போய்விடாது, அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். அந்த விமானத்தை ஓட்டியவரோ பழுது பார்த்தவரோ வந்து பேசுவது ஒரு நாள்தான். அந்த நாளைத் தேர்ந்தெடுங்கள், அது புதன்கிழமையாக இருந்தாலும் சரி. வாராந்திர விடுமுறை என்றைக்கு, பண்டிகை நாளில் திறந்திருக்குமா என்பதைப் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. விமானம் கட்டும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல். பெங்களூரில் வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குக் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், சிட்டி ஸ்டேஷனில் இறங்கி ஊரைக் கடப்பதற்குள் களைத்துவிடுகிறார்கள். கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கும் ரயிலாகப் பார்த்து அங்கேயே இறங்குங்கள். முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள்.

எல்லாவற்றையும் பார்ப்பது

இருபது விமானம் இருந்தால் இருபதின் முன்னாலும் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்வது இரண்டாவது தவறு. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. வீட்டுக்கு வந்த பிறகு எந்தப் படத்தில் எந்த விமானம் என்று யாருக்கும் தெரியாது.

ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் சுற்றிப் பாருங்கள். விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் நிற்கும் டி.யு.-142 விமானத்தையே சொல்கிறேன். அது நமக்கு ஒரு வகையில் பக்கத்து வீடு. 1988இல் கடற்படைக்கு வந்த இந்த ரகம் 1992இலிருந்து அரக்கோணத்தில் உள்ள கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியில் இருந்துதான் பறந்தது. நீர்மூழ்கிகளைத் தேடி இந்தியப் பெருங்கடலில் மணிக்கணக்காக ரோந்து போவதுதான் அதன் வேலை. 2017 மார்ச் 29 அன்று அரக்கோணத்திலேயே விடை கொடுத்தார்கள். அதில் ஒன்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்து கடற்கரையில் மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

இறக்கையின் நீளம் முனைக்கு முனை 50 மீட்டர் என்று படிப்பதைவிட, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பாருங்கள். அப்புறம் எஞ்சினைப் பாருங்கள். ஒவ்வொரு எஞ்சினிலும் விசிறி ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கும். முன்னது ஒரு பக்கம் சுற்றினால் பின்னது எதிர்ப்பக்கம் சுற்றும். முன் விசிறி காற்றைப் பின்னால் தள்ளும்போது கூடவே அதை முறுக்கியும் விடுகிறது, அந்த முறுக்கில் போகும் சக்தி வீண். எதிராகச் சுற்றும் பின் விசிறி முறுக்கை நேராக்கி அந்தச் சக்தியையும் உந்துதலாக மாற்றிக்கொள்கிறது. விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்பப் பார்க்கும் விசையும் இதனால் சமனாகிவிடும். பிள்ளைகளிடம் ‘ஏன் ரெண்டு ஃபேன்?’ என்று நீங்களே கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

பெங்களூரில் என்றால் நான் மாருத் விமானத்தைத் தேர்ந்தெடுப்பேன். ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் எச்.ஏ.எல். வடிவமைத்துக் கட்டிய போர் விமானம், 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது. உடல்வாகு பார்த்தால் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பாயும் போலிருக்கும். ஆனால் அதற்கேற்ற எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. கடாமாட்டு வண்டியில் கன்றுக்குட்டியைப் பூட்டிய கதை. பின்பக்கம் போய் இரண்டு புகைபோக்கிகளையும் பார்த்துவிட்டு மறுபடி மூக்குப் பக்கம் வந்து நின்றால், அந்தப் பொருத்தமின்மை கண்ணுக்கே தெரியும்.

பள்ளிகள் செய்வதையும் சொல்லியாக வேண்டும். வரிசையில் நிறுத்தி, பலகையில் உள்ள ஆண்டையும் எடையையும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். குனிந்து எழுதும் பிள்ளை நிமிர்ந்து விமானத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரு சக்கரத்தை, அது மடங்கி உள்ளே போகும் குழியோடு வரைந்துகொண்டு வரச் சொன்னால் போதும்.

தொடுவது, ஏறுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கை வியர்வையில் உப்பு உண்டு, அலுமினியத்துக்கு அது பகை. மூக்கிலோ இறக்கையிலோ நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாய் வேகம் அளக்கும் கருவி, குழந்தையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கும் கைப்பிடி அல்ல.

வந்தவரிடம் என்ன கேட்பது

பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்ததும் யாராவது எழுந்து ‘சார், எத்தனை விமானத்தை வீழ்த்தினீங்க?’ என்று கேட்டுவிடுவார்கள். பேசியவர் சிரித்து மழுப்புவார். அத்தோடு சூடு ஆறிவிடும். வேலையைப் பற்றிக் கேளுங்கள். ‘இந்த விமானத்தில் அடிக்கடி கெட்டுப்போனது எது, சார்?’, ‘மழையில் எப்படி இறக்குவீங்க?’ என்று கேட்டால் மனிதர் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார். விமானியைவிடத் தரையில் வேலை பார்த்தவர்களிடம் கதை அதிகம் என்பது என் அபிப்பிராயம். அவர்களைத் தேடி வெளியூர் போகவும் வேண்டாம். தாம்பரம், சேலையூர் பக்கம் விசாரித்தாலே விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற டெக்னீஷியன் யாராவது அகப்படுவார்.

பலகையில் ‘முதல்’ என்று இருந்தால் அப்படியே நம்பிவிடுவதும் தவறுதான். இந்தியாவில் முதலில் பறந்தது எங்கே என்று கேட்டால் பலரும் அலகாபாத் என்பார்கள். 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து நைனிக்குக் கடிதங்களைக் கொண்டுபோனார். அது முதல் விமானத் தபால். அதற்கு முந்தைய ஆண்டே, 1910இல், நம் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஆஞ்செலிஸ் என்பவர் சிம்சன் கம்பெனியில் ஒரு விமானம் செய்யச் சொல்லி பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டார். பிறகு தீவுத்திடலில் டிக்கெட் போட்டும் காட்டினார். எதில் முதல், எந்த ஊரில் முதல் என்று கேட்காவிட்டால் நம் ஊர்க்காரர் காணாமல் போய்விடுவார். டாட்டா கதையிலும் அப்படித்தான். அந்தத் தபால் பம்பாயோடு நிற்கவில்லை. பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். ஜே.ஆர்.டி. படத்துக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

வானத்தில் சாகசம் இருந்தால்

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. லட்சக்கணக்கான ஜனம், பகல் பதினொரு மணி முதல் ஒரு மணி வரை உச்சி வெயில், முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். கூட்டத்தை எப்படிச் சமாளித்திருக்க வேண்டும் என்பது தனி விவாதம். நம் கையில் இருப்பது கொஞ்சம்தான்: ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், தொப்பி, வயதானவர்களையும் கைக்குழந்தையையும் முன்வரிசைக்கு அழைத்துப் போகாமல் இருப்பது, முடிந்ததும் ஒரு மணி நேரம் நிழலில் உட்கார்ந்துவிட்டு நகர்வது. அதிக உயரத்தில் சுற்றும் விமானங்களைத் தூரத்து மொட்டைமாடியிலிருந்தும் பார்க்கலாம்.

சத்தம் வந்த திசையில் தேடுகிறவர்களுக்கு ஜெட் அகப்படாது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தின் சத்தம் காதுக்கு வர மூன்று வினாடி ஆகும், அதற்குள் அது 750 மீட்டர் தாண்டியிருக்கும். சத்தத்துக்கு முன்னால் கண்ணை வையுங்கள். கைக்குழந்தைக்குக் காதை மூடும் உறை கட்டாயம்.

ராணுவ வளாகத்துக்குள் நிகழ்ச்சி என்றால் ஆதார் அட்டையின் அசலைக் கொண்டுபோங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை. கண்காட்சிக் கடையில் டிரோன் வாங்கி வந்து நங்கநல்லூர் மொட்டைமாடியில் பறக்கவிடும் யோசனை இருந்தால், டிரோன் எங்கே பறக்கலாம் என்று அரசு நிறம் பிரித்துக் காட்டும் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் முதலில் உங்கள் தெரு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மீனம்பாக்கம் ஓடுதளம் அவ்வளவு பக்கம். பையன் அடம் பிடித்தால் பால்சா மரத்தில் ஒரு கிளைடர் செய்து கொடுங்கள், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.