புதுக் கொம்பியூட்டர் விழுந்து விழுந்து எழும்பினால் செய்யக்கூடாதவை

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய கொம்பியூட்டர் இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். மூன்றாம் நாள் கேம் நடுவில் பட்டென்று ஓஃப் ஆகும். திரும்பப் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல வேலை செய்யும், அரை மணித்தியாலத்தில் நீலத்திரை வரும். அப்போது பலர் முதலில் செய்வது விண்டோஸை அழித்து மறுபடி போடுவது. அதிலும் சரிவராவிட்டால் கிராஃபிக்ஸ் காட்டைக் கழற்றிக் கொழும்புக்கு பார்சல் போடுவார்கள். பம்பலப்பிட்டிக் கடையில் அதே காட் வேறொரு மெஷினில் நாள் முழுக்க ஓடும். 'குறை ஒன்றும் இல்லை' என்ற துண்டோடு திரும்பி வரும். போய்வரும் செலவும் ஒரு கிழமையும் வீண். பிழை வீட்டுச் சுவரில், யூபிஎஸ்ஸில், அல்லது பயோஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போட்டின் அடிப்படை மென்பொருளில்) நீங்களே மாற்றிவிட்ட ஒரு செற்றிங்கில் இருந்திருக்கலாம்.

எப்படி விழுந்தது என்று பார்க்காமல் கை வைப்பது

எல்லாவற்றையும் 'கிராஷ்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் விழுகிற விதம் நான்கு, நான்கும் நான்கு இடத்தைக் காட்டும். பிளக்கைப் பிடுங்கியதுபோல ஃபான், லைற் எல்லாம் ஒரே நொடியில் அணைந்தால் பவர் சப்ளை, யூபிஎஸ், அளவுமீறிய சூடு, எங்காவது ஷோட் ஆகிற இடம் என்று பார்க்கவேண்டும். நீலத்திரை வந்தால் பெரும்பாலும் றாம், புரொசசர் அல்லது ட்ரைவர். திரை கறுத்தபின்னும் ஃபான் சுழன்று, பாட்டுச் சத்தம் தொடர்ந்து கேட்டால் கிராஃபிக்ஸ் காட்டை அல்லது அதன் ட்ரைவரைச் சந்தேகிக்கலாம். மவுஸ் அசைந்தும் எதுவுமே திறக்காமல் நின்று, பிறகு விழுந்தால் எஸ்எஸ்டி.

நீலத்திரையை வாசிக்க முடியாமல் மெஷின் உடனே ரீஸ்டார்ட் ஆகிவிடும். சிஸ்டம் புரொப்பட்டீஸில் 'ஸ்டார்ட்அப் அன்ட் றிக்கவரி' என்ற பகுதிக்குள் போய் ஓட்டோமற்றிக் ரீஸ்டார்ட்டை எடுத்துவிடுங்கள். இனித் திரை அப்படியே நிற்கும், போனில் படமெடுக்கலாம்.

அடுத்து, விண்டோஸ் நடந்தவற்றைப் பதிந்துவைக்கும் ஈவென்ற் வியூவர். அங்கே 'கேர்னல் பவர் 41' என்ற சிவப்பு வரியைக் கண்டதும் 'பவர் சப்ளை போய்விட்டது' என்று முடிவுகட்டுவது மிகப் பொதுவான பிழை. அந்த வரி சொல்வது ஒன்றே ஒன்று: போனமுறை முறைப்படி ஷட்டவுண் செய்யப்படவில்லை. நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41 வரும். அதன் விபரத்துக்குள் உள்ள பக்செக் கோட்டை, அதாவது நீலத்திரையின் பிழை எண்ணைப் பாருங்கள். அது பூச்சியம் என்றால் விண்டோஸுக்கு நீலத்திரை எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை. வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள், விழுந்த நேரத்து விபரம் பதிந்த மினிடம்ப் கோப்பும் பெரும்பாலும் இருக்கும். அதே லிஸ்டில் டபிள்யூஎச்இஏ லொகர் 18 இருந்தால் வன்பொருளே தன் பிழையை அறிவித்திருக்கிறது. அதற்குப் பிறகும் விண்டோஸை மறுபடி போடுவது வேலையற்ற வேலை.

'பெட்டியில் 6000 என்று போட்டிருக்கிறதே' என்று எக்ஸ்எம்பியை நம்புவது

புது மெஷின்களில் அதிகம் ஏமாற்றுவது இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். டிடிஆர்5 றாம் பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருந்தாலும் பூட்டியவுடன் அது பெரும்பாலும் 4800 இல்தான் ஓடும். பயோஸில் எக்ஸ்எம்பி என்ற றாம் வேகச் செற்றிங்கை, ஏஎம்டி என்றால் எக்ஸ்போவை, ஓன் செய்தால்தான் 6000 வரும். அந்த வேகம் றாம் கம்பனி சோதித்த வேகம். உங்கள் புரொசசருக்குள் இருக்கும் மெமறி கொன்ட்ரோலர் அதற்குச் சம்மதித்ததாக எங்கும் எழுதவில்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி பொறுப்பெடுப்பது இரண்டு றாமுக்கு 5200, நான்கு றாமுக்கு வெறும் 3600. '16 ஜிபி இரண்டு இருக்கிறது, இன்னும் இரண்டு போடுவம்' என்று பிறகு வாங்கிச் செருகியவர்களின் மெஷின் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு இந்த எண்ணே பதில். நான்கு வேண்டுமென்றால் வேகத்தை இறக்கவேண்டும். அல்லது தொடக்கத்திலேயே பெரிய இரண்டாக ஒரே பெட்டியில் வாங்கவேண்டும்.

சோதிக்கும் முறை: முதலில் எக்ஸ்எம்பியை ஓஃப் செய்துவிட்டு இரண்டு மூன்று நாள் வழமைபோலப் பாவியுங்கள். விழுவது நின்றால் வழி கிடைத்துவிட்டது. நிற்காவிட்டால் றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஐ ஒரு யூஎஸ்பி ஸ்டிக்கில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து, நான்கு சுற்றும் முடியும்வரை விடுங்கள். 32 ஜிபிக்குப் பல மணித்தியாலம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். ஒரேயொரு பிழை காட்டினாலும் அது பிழைதான். 'ஆயிரத்தில் ஒன்று பரவாயில்லை' என்ற கணக்கு றாமுக்கு இல்லை. விண்டோஸோடு வரும் மெமறி டயக்னொஸ்ரிக் ஒன்றும் இல்லை என்று சொல்வதை வைத்து றாமை விடுதலை செய்யாதீர்கள்.

எக்ஸ்எம்பி ஓஃப் இல் பிழையில்லை, ஓன் இல் பிழை வருகிறது என்றால் றாம் பழுது என்று அர்த்தமில்லை. 6000 ஐ 5600 ஆக்கி மறுபடி சோதியுங்கள். ஓஃப் இலும் பிழை வந்தால் ஒவ்வொரு றாமாகத் தனியே, ஒரே ஸ்லொட்டில் வைத்துப் பாருங்கள். ஒரு றாமில் மட்டும் வந்தால் அந்த றாம். எந்த றாமை வைத்தாலும் வந்தால் ஸ்லொட்டை மாற்றிப் பார்க்கவேண்டும். அதற்கும் அசையாவிட்டால் மதர்போட் அல்லது புரொசசர். ஸ்லொட்டிலும் ஒரு சங்கதி: நான்கு ஸ்லொட் உள்ள போட்டில் இரண்டு றாம் போடுவதென்றால் அநேகமாக எல்லாப் போட்டிலும் புரொசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். முதலாவதும் மூன்றாவதுமாகப் போட்டால் பூட் ஆகும், ஆனால் வேகம் ஏறும்போது தள்ளாடும்.

றாமை மாற்றியபின் முதல் தடவை ஓன் செய்யும்போது டிடிஆர்5 போட்டுகள் சில நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும். அது பழகிக்கொள்ளும் நேரம். 'செத்துப்போச்சு' என்று பவரை இழுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் பொறுங்கள், ஒரு பிளேன்ரீ குடிக்கலாம்.

இன்னொரு கண்கட்டு. பயோஸ் அப்டேட் செய்தவுடன் மெஷின் சரியாகிவிட்டது என்பார்கள். அப்டேட் செய்தால் பெரும்பாலும் செற்றிங் எல்லாம் கம்பனி வைத்த ஆரம்ப நிலைக்குப் போய் எக்ஸ்எம்பியும் ஓஃப் ஆகிவிடும். நோய் தீர்ந்தது அப்டேட்டாலா, எக்ஸ்எம்பி போனதாலா என்று தெரிய, அதை மறுபடி ஓன் செய்து பார்க்கவேண்டும்.

யூபிஎஸ் காவல் என்று நினைப்பது

யாழ்ப்பாணத்தில் கரண்ட் போய்வருவதால் கொம்பியூட்டரோடு 650 விஏ யூபிஎஸ் ஒன்றும் சேர்த்து வாங்குவது வழக்கம். அதன் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள்: பெரும்பாலும் 360 வாற். இனிக் கூட்டிப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4070 காட் 200, ரைசன் 5 7600 புரொசசர் 88, மதர்போட், எஸ்எஸ்டி, ஃபான், மொனிற்றர் எல்லாம் சேர்த்து ஒரு 80. மொத்தம் 368. கிராஃபிக்ஸ் காட் மில்லிசெக்கன் கணக்கில் இதைவிட எகிறி இழுக்கும். பிரவுசர் பார்க்கும்போது ஒன்றும் ஆகாது, கேம் தொடங்கியதும் யூபிஎஸ் கீச்சிட்டுக் கைவிடும். பழி பவர் சப்ளை மேல் விழும்.

யூபிஎஸ்ஸுக்குப் போதிய பலம் இருந்தாலும் சிக்கல் வரும். லைன் முடிவில் உள்ள வீடுகளில் பின்னேரம் எல்லோரும் மோட்டர் போடும் நேரத்தில் வோல்ற்றேஜ் இறங்கும். 100 முதல் 240 வரை என்று எழுதிய பவர் சப்ளைக்கு 190 வோல்ற் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சில யூபிஎஸ் பயந்து பற்றரிக்கு மாறும். மாறும் நேரம் 4 முதல் 10 மில்லிசெக்கன். நல்ல பவர் சப்ளை முழுச்சுமையிலும் 12 மில்லிசெக்கனாவது தாங்கும், மலிவானது தாங்காது. அதோடு மலிவு யூபிஎஸ் பற்றரியில் தருவது சுவர்க் கரண்டின் வழுவழுப்பான சைன் அலை இல்லை, படிப்படியாக வெட்டிய அலை. சில பவர் சப்ளைகள் அதைக் கண்டதும் அணைந்துவிடும். 'டிக்' என்ற சத்தத்தோடு மெஷின் விழுகிறதா என்று காதைக் கொடுங்கள். யூபிஎஸ்ஸைத் தவிர்த்து நேரே சுவர்ப் பிளக்கில் குத்தி ஒரு கிழமை ஓடவிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

பயோஸ் அப்டேட் மட்டும் இதற்கு நேரெதிர். அதை யூபிஎஸ்ஸில் குத்தித்தான் செய்யவேண்டும். அந்நேரம் சுமை மிகக் குறைவு, 650 விஏ தாராளம். நடுவில் கரண்ட் போனால் மதர்போட்டே போகலாம்.

கேசிங்கின் இரும்பில் கை பட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டிக் கப்பாசிற்றர்கள் கசிவை எர்த்துக்கு அனுப்பவேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேசிங் ஏறத்தாழ 115 வோல்ற்றில் மிதக்கும். இந்தக் கசிவு மட்டும் என்றால் கரண்ட் மிகச் சிறியது, பொதுவாக ஆளைக் கொல்லாது. ஆனால் எச்டிஎம்ஐ வயரை ரிவியில் குத்தும் கணத்தில் போட்டைச் சாப்பிடலாம், யூஎஸ்பி சாமான்கள் காரணமில்லாமல் அறுந்து அறுந்து வரும். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருந்தாலும் பின்னால் எர்த் வயர் வந்திருக்காது. கனடாவிலிருந்து வந்த பவர் கோட்டை அடப்டர் போட்டுக் குத்துபவர்களும் இதே நிலைதான், பல அடப்டர்களில் எர்த் தொடுவதே இல்லை. 13 அம்பியர் சதுரப்பின் கோட் ஒன்று வாங்குங்கள், வயரிங் பாஸை அழைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள்.

பூட்டும்போது விட்ட சின்னப் பிழைகள்

கூலரின் அடிப் பிளாஸ்ரிக் தாளை உரிக்காமல் பூட்டியவர்கள் எண்ணிக்கையில் குறைவில்லை. ரைசன் 7000 பாரமான வேலையில் 95 பாகைக்குப் போவது அதன் வடிவமைப்பு, பதறவேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே 80 ஐத் தாண்டினால் கூலரைக் கழற்றிப் பாருங்கள். மதர்போட்டின் கீழ் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி மிஞ்சியிருந்தால் ஷோட் ஆகும். கேசிங்கின் ரீசெட் பட்டன் உள்ளே ஒட்டிக்கொண்டால் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும். அதன் இரண்டு பின் வயரையும் கழற்றிவிட்டு ஒரு நாள் பாருங்கள், ஐந்து சதம் செலவில்லை. கிராஃபிக்ஸ் காட்டுக்கு இரண்டு எட்டுப்பின் இருந்தால் இரண்டு தனி வயர் கொடுங்கள், ஒரே வயரின் இரட்டை வாலை வேண்டாம். பழைய பவர் சப்ளையின் கழற்றக்கூடிய வயரைப் புதியதில் குத்தவே கூடாது. தலை பொருந்தும், பின் ஒழுங்கு கம்பனிக்குக் கம்பனி வேறு, எரிந்துவிடும்.

இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசசர் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கவனிப்பு. கேம் தொடங்கும்போது 'வீடியோ மெமறி போதாது' என்று வந்து விழுந்தால் கிராஃபிக்ஸ் காட்டைத் திட்டாதீர்கள். அளவுமீறிய வோல்ற்றேஜால் அந்தப் புரொசசர்களில் பல உள்ளே தேய்ந்தன. 2024 ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் இன்டெல், பயோஸ் அப்டேட்டோடு வரும் மைக்ரோகோட் (புரொசசருக்கான உள் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது, பெட்டியில் விற்றவற்றுக்கு உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் கூட்டியது. புதுப் பயோஸ் இனிமேல் தேய்வதைத் தடுக்கும், தேய்ந்ததை மீட்காது.

ஒரே நாளில் நாலு மாற்றம்

பயோஸ் அப்டேட், புது ட்ரைவர், றாம் இடமாற்றம், வேறு பவர் சப்ளை என்று எல்லாவற்றையும் ஒரே சனிக்கிழமையில் செய்துவிட்டால் மெஷின் நின்றுபிடித்தாலும் எது காரணம் என்று தெரியாது, கடைக்கு எதை அனுப்புவது என்றும் தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், கொப்பியில் திகதியோடு எழுதுங்கள், முன்பு எத்தனை மணித்தியாலத்தில் விழுந்ததோ அதைப்போல மூன்று மடங்கு நேரம் ஓடவிடுங்கள்.

விண்டோஸை மறுபடி போடுவது இந்த வரிசையின் கடைசி. றாம் பிழையோடு போட்ட விண்டோஸ் உள்ளே கோப்புகள் உடைந்த நிலையிலேயே அமரும். ஆகவே றாமைச் சரிசெய்தபின் ஒருமுறை போடுவது நியாயம், அதற்கு முன் போடுவது இரட்டை வேலை.

பாகம் ஒன்றை அனுப்பத்தான் வேண்டும் என்று முடிவானால் மெம்டெஸ்ட் பிழைத்திரையின் படத்தையும் எழுதிய குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். சீரியல் நம்பரையும் பின்களையும் பார்சல் கட்டுமுன் கிட்டவைத்துப் படமெடுங்கள்; எரிந்த அடையாளமும் துருவும் இருந்தால் உத்தரவாதம் இல்லை என்று பில்லிலேயே இருக்கும், குருநகர், காரைநகர் போன்ற கடற்காற்றுப் பக்கங்களில் துரு சீக்கிரம் ஏறும். பில்லில் நாளையும் எண்ணிப் பாருங்கள், பல கடைகளில் ஒரு வருடம் என்பது 350 நாள்.